312 நாட்கள் கரை தொடாத படகு

கடற்பயணம் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவன புயலும் பேரலையுமே. கதை எழுதுவோரும் படம் பிடிப்போரும் அவற்றையே பெரிதாக்கிக் காட்டி நம்மைப் பழக்கிவிட்டனர். ஆயின், பாய்விரித்து நெடுந்தூரம் சென்று உயிரோடு மீண்டவர்கள் எழுதி வைத்த குறிப்புக்களைப் புரட்டிப் பார்ப்போர் வேறொன்றைக் காண்பர். புயலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால், தளர்ந்த ஆணிக்கும் உராய்ந்து அறுந்த கயிற்றுக்கும் துருவேறி இறுகிய திருகுக்கும் பத்துப் பக்கங்கள் ஒதுக்கியிருப்பர். கடல் ஒரு படகை ஒரே அடியில் உடைப்பது அரிது. நாளுக்குச் சிறிதாக, பொருத்துப் பொருத்தாக, அது படகைக் கழற்றிக்கொண்டே இருக்கிறது. கழன்றதை மீண்டும் பூட்டிக்கொண்டே இருப்பவன்தான் கரை சேருகிறான்.

இதற்கு எடுத்துக்காட்டாக நாம் இங்கு கூற விழைவது, பம்பாயிலே நம் அயல்நாட்டுத் தச்சர்களின் கையால் உருவான ஒரு சிறு தேக்குமரப் படகின் வரலாறாகும்.

1967 ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரான்சிஸ் சிசெஸ்ரர் என்னும் ஆங்கிலேயர் தன்னந்தனியராகப் பாய்க்கலம் ஒன்றில் உலகைச் சுற்றி இங்கிலாந்துக்கு மீண்டார். வழியிலே அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மட்டும் தங்கினார். அதன்பின் எஞ்சியிருந்தது ஒன்றே: எங்கும் தங்காமல், எவர் உதவியும் பெறாமல், ஒரே ஓட்டமாகச் சுற்றி வருதல். இலண்டன் ‘சண்டே ரைம்ஸ்’ பத்திரிகை இதனை ஒரு போட்டியாக 1968 இல் அறிவித்தது. முதலில் மீள்பவருக்குப் பொன்முலாம் பூசிய உலக உருண்டை. மிக விரைவாகச் சுற்றியவருக்கு 5,000 பவுண். புறப்பட்டவர் ஒன்பதின்மர். சுற்றி முடித்தவர் ஒருவரே. அவர் பெயர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன். அப்பொழுது வயது இருபத்தொன்பது. அவருடைய படகின் பெயர் ‘சுகைலி’.

நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியில் அதிகாரியாக இருந்தவர். பம்பாய்க்கும் பாரசீகக் குடாவுக்கும் இடையே கப்பலில் சென்று வந்த நாட்களில், சொந்தமாக ஒரு பாய்க்கலம் செய்விக்க வேண்டுமென்னும் அவா அவருக்கு எழுந்தது. புதுமுறையில் அமைந்த ஒரு படகையே அவர் விரும்பினார். ஆயின் கைக்கு வந்து சேர்ந்ததோ ‘எரிக்’ என்னும் பழைய வரைபடம். வில்லியம் அற்கின் என்ற அமெரிக்கர் வரைந்த அவ்வமைப்பு, நோர்வே நாட்டில் கொலின் ஆர்ச்சர் என்பார் கட்டிய மீட்புப் படகுகளை அடியொற்றியது. அணியமும் அமரமும் இரண்டும் கூர், வயிறு அகன்றது, கதியோ மிக மந்தம். கப்பற் சங்கங்களில் இருப்போர் ஏளனமாகப் பார்க்கத்தக்க உருவம். வேறு வரைபடத்துக்குக் காத்திருக்க நேரமில்லை என்று அதையே கட்டுவித்தார்.

கொலாபாவிலுள்ள ஒரு பட்டறையில் வேலை நடந்தது. தச்சர்கள் வாச்சி கொண்டு செதுக்கினர். கயிறு சுற்றி இழுக்கும் கைத்துரப்பணத்தால் துளையிட்டனர். பலகை, வங்கு, ஏரா எல்லாமே தேக்கு. நீளம் 32 அடி. அகலம் 11 அடி. நீரில் ஆழ்ந்திருப்பது ஐந்தரை அடி. பாய்மரம் இரண்டு. யாழ்ப்பாணத்திலே நடுத்தரமான ஒரு வீட்டின் முன்விறாந்தையில் அடங்கிவிடும் அளவுதான். 1964 டிசம்பரில் நம் கீழைநாட்டு மரபுப்படி அணியத்தில் தேங்காய் உடைத்து நீரில் இறக்கினர். நம் கரையோர மக்கள் சோழகம், கொண்டல், வாடை எனக் காற்றுக்குப் பெயரிட்டிருப்பதுபோல, பாரசீகக் குடாவின் அராபிய மாலுமிகள் தென்கீழ்க் காற்றுக்கு இட்டு வழங்கும் பெயரே ‘சுகைலி’ என்பது.

1965 இல் அப்படகு பம்பாயை விட்டுப் புறப்பட்டது. தென்னாபிரிக்காவில் நெடுநாள் தரித்தபின், கேப் ரவுனிலிருந்து இலண்டன் வரை 74 நாட்கள் எங்கும் நில்லாமல் ஓடியது. அந்த ஓட்டத்தை நாம் ஒரு பரீட்சை எனவே கொள்ளுகிறோம். எப்பொருத்து இளகும், எக்கயிறு உராயும், எந்தக் காற்றில் எந்தப் பாயை எவ்வளவு சுருக்கினால் படகு தானாக நேரே செல்லும் என்பனவெல்லாம் அவருக்கு அப்பொழுதே தெரிந்துவிட்டன. போட்டிக்கென்று பெரிய இரும்புக்கலம் ஒன்று கட்டுவிக்கவே அவர் முதலில் முயன்றார். பணம் கொடுப்பார் எவருமில்லை. ஆகவே பழைய தேக்குப் படகிலேயே போவதென முடிவு செய்தார். அம்முடிவு வறுமையால் நேர்ந்ததாயினும், பணம் கொண்டு வாங்க முடியாத ஒன்று அதில் அடங்கியிருந்தது. கைபழகிய படகு என்பது கைபழகிய தும்புத்தடியைப் போன்றதன்று. அதன் ஒவ்வோர் ஓசைக்கும் பொருள் தெரிந்தவனே இருளில் அதனை நம்பி உறங்க முடியும்.

ஓராண்டுக் காலம் ஒருவன் கடை கண்ணி இன்றி வாழ்வதற்கு வேண்டியவற்றை 32 அடிக்குள் அடக்குவது எளிதன்று. ஏறக்குறைய மூன்று அந்தர் உருளைக்கிழங்கு, இரண்டு அந்தருக்கு மேல் வெங்காயம், நூற்றுக்கணக்கான தகரத்தில் அடைத்த உணவுகள், நீர், மண்ணெண்ணெய், பெற்றோல், உதிரிக் கயிறுகள், உதிரிப் பாய்கள், ஆணி, திருகு, தார், பசை, செப்புத் தகடு எனப் பட்டியல் நீண்டது. தகரங்களின் மேலொட்டிய தாள் ஈரத்தில் கழன்றுவிடும். கழன்றபின் எதில் அவரை, எதில் பழம் என்று அறிய வழியில்லை. எனவே நெடும்பயணம் செல்வோர் தாளைக் கிழித்து எறிந்துவிட்டுத் தகரத்தின் மீது நிறமையால் குறியிட்டு, துருவேறாமல் வாணிஷ் பூசிக்கொள்வது வழக்கம். இதுபோன்ற அற்பவேலைகளே புறப்படுவதற்கு முன்னுள்ள வாரங்களை விழுங்கிவிடுகின்றன. பாரம் ஏறியதும் படகு நீரில் பல அங்குலம் தாழ்ந்து நின்றது.

அவ்வேளையில் பொருத்தப்பட்ட புதுக்கருவிகளுள் முதன்மையானது தானியங்கிச் சுக்கான். தனியே செல்பவன் உறங்கவும் உண்ணவும் வேண்டும். நாள் முழுவதும் சுக்கான் பிடித்திருக்க ஒருவனால் ஆகாது. அதற்காக அமைந்த இக்கருவியில் மின்சாரமில்லை. காற்றை நோக்கி நிற்கும் பலகை ஒன்று; படகு திசை மாறினால் காற்று அப்பலகையின் பக்கத்தில் அடித்து அதனைச் சாய்க்கும்; அச்சாய்வு கயிறும் சுழற்சியுமாக நீரினுள்ளிருக்கும் சிறு சுக்கானுக்குச் செல்லும்; படகு மீண்டும் பழைய வழிக்குத் திரும்பும். ‘சுகைலி’யின் இரு புறமும் இரும்புக் குழாய்ச் சட்டங்களில் இவ்வமைப்பு நீட்டிக்கொண்டு நின்றது. உரிமையாளர் இதற்கு ‘அட்மிரல்’ என்று பட்டப்பெயர் சூட்டினார். கட்டளையிடுவதன்றி வேறு வேலை செய்யாத மேலதிகாரிகளை மனத்திற்கொண்டு சூட்டினாரோ என நாம் ஐயுறுகிறோம்.

1968 யூன் 14 ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பால்மத் துறையிலிருந்து படகு புறப்பட்டது.

சில வாரங்கள் செல்லுமுன்னரே அடித்தளத்தில் நீர் ஏறத் தொடங்கிற்று. நாள்தோறும் இறைக்க வேண்டிய அளவு கூடிக்கொண்டே போனது. மரக்கலத்தின் பலகைகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பினும், நடுவிலுள்ள பொருத்துகளில் பஞ்சுத்திரியை உளியால் அடித்துச் செறித்து மேலே தார் பூசினால்தான் நீர் புகாது. இதனையே நம் துறைகளில் கலப்பற்று என்பர். படகு அலையில் ஏறி இறங்கும்போது ஏரா ஒருபுறம் இழுக்க, பலகைகள் மறுபுறம் இழுக்க, அப்பஞ்சு சிறிது சிறிதாகக் கழன்றுவிடும். காற்று ஓய்ந்த ஒரு நாளில் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் கடலில் குதித்துப் படகின் கீழே மூழ்கிப் பார்த்தார். ஏராவை அடுத்த பொருத்தில், எட்டடி நீளத்துக்கு இடைவெளி திறந்திருந்தது. மறுபுறத்திலும் அவ்வாறே. படகு அசையுந்தோறும் அவ்விடைவெளி திறந்து மூடுவதைக் கண்ணால் கண்டாராம்.

இவ்வேலையைத் துறைமுகத்தில் செய்வதானால் படகைக் கரையேற்றி, பலகையை உலரவைத்து, பின்னரே பஞ்சு அடைப்பர். இங்கோ படகு ஆழ்கடலில் மிதக்கிறது; வேலை செய்ய வேண்டிய இடம் நீர்மட்டத்துக்கு ஐந்தடி கீழே; சுவாசக் கருவி கிடையாது. மூச்சுப் பிடித்து மூழ்கி, உளியை வைத்து, சுத்தியலால் இரண்டு அடி அடிப்பதற்குள் மேலே வந்தாக வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்குவதற்குள் அடைத்த பஞ்சு கழன்று மிதந்தது. அரைமணி நேரம் வீணே போனது.

இங்கேதான் அம்மனிதரின் கூர்மை நமக்குப் புலனாகிறது. அவர் மேலே ஏறிவந்து அமர்ந்து சிந்தித்தார். பஞ்சைத் தனியே அடைத்தால் நில்லாது; ஆகவே அதனை வேறொன்றோடு பிணைக்க வேண்டும். ஒன்றரை அங்குல அகலமும் ஏழடி நீளமும் உள்ள இரட்டுத் துணியை வெட்டி, அதன்மீது பஞ்சுத்திரியை நீளவாட்டில் தைத்தார். தார் பூசினார். ஆறங்குலத்துக்கு ஒன்றாகச் செப்பு ஆணிகளை அதில் முன்கூட்டியே குத்தி வைத்தார். இப்பொழுது நீருக்கடியில் செய்ய வேண்டியது, பட்டியைப் பொருத்தின்மேல் வைத்து ஆணியை அடிப்பது ஒன்றே. நீரில் செய்யவொண்ணாத நுண்வேலை முழுவதும் மேல்தளத்தில் முடிந்துவிட்டது. அதன்பின், துணி உராய்ந்து கிழியாதிருக்க மேலே செப்புத் தகடு ஒன்றையும் அறைய எண்ணினார். புது வானொலிக் கருவி பொருத்த வந்தவர்கள் விட்டுச்சென்ற தகட்டுத் துண்டு இருந்தது. வேண்டாதது என்று அதனை எறியாமல் வைத்திருந்தமையால் அது அன்று உயிர்காத்தது.

வெண்ணிற உடம்பு நீரில் பளிச்சிட்டுச் சுறாவை அழைக்கும் என்று கருதிக் கறுத்தச் சட்டையும் நீலக் காற்சட்டையும் அணிந்துகொண்டே அவர் மூழ்கினார். ஆயினும், களைப்பாறக் கோப்பி அருந்தப் படகில் ஏறியிருந்த வேளையில் சுறா ஒன்று வந்து சுற்றத் தொடங்கிற்று. பத்து நிமிடம் பார்த்தும் அது போகவில்லை. தாள் துண்டுகளை நீரில் எறிந்து அதனை மேலே வரச்செய்து துப்பாக்கியால் சுட்டார். இரத்த வாடைக்கு வேறு சுறாக்கள் வருமோ என்று அரைமணி நேரம் காத்திருந்தார். அதன்பிறகு மீண்டும் அதே நீரில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து ஆணி அடித்தார். இந்த இரண்டாம் முறை இறங்கியதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மறுபுறப் பொருத்தை அடைக்க மற்றோர் அமைதியான நாள் வாய்த்தது. நீர்க்கசிவு மிகக் குறைந்தது.

அடுத்து வந்தது மின்சாரத் தொல்லை. வானொலிக்கு வேண்டிய பற்றரிகளை ஏற்றுவதற்குச் சிறு பெற்றோல் இயந்திரம் ஒன்றிருந்தது. அது நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்ததில் பிழை மக்னீற்றோவில் என்பது தெரிந்தது. அதன் பொயின்ற் இரண்டும் திறக்கும்போது அவற்றிடையே 12 முதல் 15 வரையான ‘தௌ’, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 முதல் 15 பங்கு, இடைவெளி இருத்தல் வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பொறி ஒழுங்காகப் பிறவாது. அதனை அளக்கும் மெல்லிய உருக்குத் தகடுகள் எல்லா மோட்டார்ப் பட்டறையிலும் கிடைக்கும், படகில் இல்லை. ஓரங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அவற்றுள் பதினைந்தைக் கடல் நடுவே கண்டெடுப்பது எங்ஙனம்?

படகில் புத்தகங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து, ஓரங்குலத் தடிப்புக்கு எத்தனை தாள் என்று எண்ணினார். இருநூறு. அப்படியானால் ஒரு தாளின் தடிப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. மூன்று தாள் சேர்ந்தால் பதினைந்து. மூன்று தாளை இடையே வைத்துத் திருகை முடுக்கினார். இயந்திரம் ஓடிற்று.

மாணவர்களுக்காக இங்கே ஒரு சொல். வகுத்தற் கணக்கு நான்காம் வகுப்பில் நாம் எல்லோரும் செய்ததே. வினாத்தாளில், ‘இருநூறு தாளின் தடிப்பு ஓரங்குலமெனின் ஒரு தாளின் தடிப்பு யாது?’ என்று கேட்டால் விடை எழுதாத பிள்ளை இல்லை. ஆயின், பழுதான இயந்திரத்தின் முன்னே இருந்துகொண்டு, அவ்வினாவைத் தானே தனக்குக் கேட்டுக்கொள்ளும் பிள்ளை எத்தனை? ஓமின் விதியைப் பிழையின்றி ஒப்புவிப்பவன், வீட்டில் விளக்கு அணைந்தால் மின்காரரைத் தேடி ஓடுவதை நாம் ஆண்டுதோறும் கண்டுவருகிறோம். குறை பிள்ளையிடம் மட்டும் என்று சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை.

படகு ‘சீறும் நாற்பதுகள்’ எனக் கப்பலோட்டிகள் அஞ்சும் தென்கடலுள் நுழைந்தது. அங்கே நிலம் குறுக்கிடாமையால் மேல்காற்று உலகைச் சுற்றி ஓயாமல் வீசுகிறது. அலைகள் மலைத்தொடர் போல வருகின்றன. செப்ரெம்பர் தொடக்கத்தில், அந்தக் கடலில் சந்தித்த முதற் புயலிலேயே அலை ஒன்று படகைப் பக்கவாட்டில் புரட்டிப் பாய்மரம் நீரில் படுமளவுக்குச் சாய்த்துவிட்டது. இரும்பு ஏராவின் பாரத்தால் படகு மீண்டும் நிமிர்ந்தது. விளக்கைக் கொளுத்திப் பார்க்கையில், மேலறையின் சுற்றுப் பொருத்து முழுவதிலும் வெடிப்புக் கண்டிருந்தது. அறையே சிறிது இடம் பெயர்ந்திருந்தது. இன்னோர் அலை அவ்வாறு அடித்தால் மேலறை பெயர்ந்து, படகு வாய்திறந்த குடம்போல் ஆகிவிடும். அட்மிரலின் சட்டம் வளைந்துபோயிற்று. தொட்டிகளிலிருந்த குடிநீரும் கெட்டுவிட்டது. வெடிப்புக் கண்ட இடங்களில் கிடைத்த திருகையெல்லாம் முடுக்கி மேலறையை இறுக்கினார். குடிநீருக்கு மழையை நம்பினார். பெரிய பாயின் மடியில் சேரும் மழைநீரை வாளியில் பிடித்துச் சேமித்தே எஞ்சிய மாதங்களைக் கழித்தார்.

அதன்பின் ஒரு நாள், பற்றரியின் அமிலத்தைச் சோதிக்கையில் படகு குலுங்கி அமிலம் கண்ணில் தெறித்தது. நீர் விட்டுக் கழுவி மருந்திட்டார். தேர்பன் துறைமுகத்துக்குத் திரும்பிவிடலாமா என்னும் எண்ணம் வந்தது. ஒரு கண் போனாலும் போகட்டும் என்று மேலே சென்றார். கண் தப்பியது. இத்தகைய துணிவை நாம் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டோம்.

அவுஸ்திரேலியாவின் தென்கரையை அடுத்தபோது அட்மிரலின் நீர்ச்சுக்கான் முறிந்தது. முன்னரே ஒருமுறை உடைந்து, உதிரியும் உடைந்து, ஒட்டுப்போட்டுப் பாவித்ததே அது. இனிப் பாவிக்க ஒன்றுமில்லை. உலகின் பாதிச்சுற்று இன்னும் எஞ்சியிருந்தது. கொடிய கேப் ஹோர்ண் முனை முன்னே நின்றது. போட்டியிலிருந்து விலகியிருந்தால் எவரும் குறை கூறியிரார்.

பழைய மாலுமிகளுக்குத் தெரிந்த ஒரு வித்தை அவருக்குக் கைகொடுத்தது. படகின் முன்பாயில் காற்று அதிகம் தாக்கினால் அணியம் காற்றை விட்டு விலகும். பின்பாயில் அதிகம் தாக்கினால் அணியம் காற்றை நோக்கித் திரும்பும். இரண்டையும் வேண்டிய அளவு விரித்தும் சுருக்கியும் சமன் செய்து, சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால், நல்ல படகு தானே தன் வழியில் செல்லும். 1897 இல் யோசுவா சிலோக்கம் என்னும் தனிமாலுமி தன் ‘ஸ்பிறே’ என்ற படகில், அவுஸ்திரேலியாவின் வடமுனையருகே இருந்து நம் இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவு வரை 2,700 மைலை 23 நாட்களில் ஓடினார். அதில் அவர் சுக்கானைக் கையால் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேற்படவில்லை. கப்பற் சங்கத்தார் நகைத்த ‘சுகைலி’யின் நீண்ட ஏராவும் அகன்ற வயிறும் இங்கே பயன்பட்டன. விரைவுப் படகு ஒன்று இவ்வாறு கட்டிவிட்டால் ஒரு கணம் நில்லாது. அந்த மந்தமான படகோ நின்றது. மேல்காற்றில் அஞ்சத்தக்க வேளைகளில் மட்டும் அவரே சுக்கானில் அமர்ந்தார்.

நியூசிலாந்தின் ஒற்றாகோ துறைமுகத்தின் அண்மையில் படகு மணலில் ஏறி நின்றுவிட்டது. பிறர் கயிறு கொடுத்து இழுத்தால் போட்டி விதி பிழைக்கும். நங்கூரத்தை இட்டு, வற்று முடிந்து வெள்ளம் பெருகும்வரை காத்திருந்து மீண்டார். வானொலியும் ஊமையாகியிருந்தது. இயந்திரமும் துருவேறி இறுகிப்போயிற்று. பெரிய பாயின் பருமலைப் பாய்மரத்தோடு பிணைக்கும் இரும்பு முறிந்தது. கைத்துரப்பணத்தை வைத்து ஆடும் தளத்தில் உட்கார்ந்து முறிந்த துண்டைத் துளைத்தெடுத்து வேறு பிணைப்புச் செய்தார். பாய் தைத்த நாட்களுக்குக் கணக்கில்லை. 1969 ஜனவரி 17 ஆம் நாள் கேப் ஹோர்ணைக் கடந்தார். நியூசிலாந்தை விட்டபின் நான்கு மாதத்துக்கு மேல் அவரைப் பற்றி உலகுக்கு ஒரு செய்தியுமில்லை. இறந்தார் எனவே பலர் எண்ணினர். ஏப்ரலில், அசோர்ஸ் தீவுகளுக்கு மேற்கே, எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு விளக்குச் சைகையால் தம் பெயரை அறிவித்தார்.

ஏப்ரல் 22 ஆம் நாள் பால்மத் துறையில் நுழைந்தார். சுங்க அதிகாரிகள் ஏறி, வழக்கம்போல, எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறீர் என்று வினாவினர். பால்மத்திலிருந்து என்பதே விடை. இடையில் கழிந்தவை 312 நாட்கள்.

ஏனையோர் கதி யாது? பிரான்சு நாட்டு பேர்னார்ட் மொயிற்றெசியே வேகத்தில் எல்லோருக்கும் முந்தியவர். கேப் ரவுன் அருகே கப்பல் ஒன்றோடு மோதி அவருடைய இரும்புக்கலத்தின் முன்நீட்டுக்கோல் வளைந்தபோது, கப்பியும் கயிறும் கொண்டு கடலிலேயே அதனை நிமிர்த்தியவர். கேப் ஹோர்ணையும் கடந்தபின், பரிசும் புகழும் வேண்டாம் என்று எழுதி, கவணில் வைத்து ஒரு கப்பலுக்கு எறிந்துவிட்டு, தாகித்தித் தீவுக்குப் போய்விட்டார். நைஜல் ரெற்லி என்பாருடைய மூன்றுடற் படகு, ஒட்டுப்பலகையாற் செய்தது, ஏறத்தாழ உலகைச் சுற்றி முடித்து வீட்டுக்கு 1,100 மைல் இருக்கையில் உடைந்து மூழ்கியது. அவர் காப்பாற்றப்பட்டார். படகைத் தாங்கொணா வேகத்தில் அவர் விரட்டியதற்குக் காரணம், டொனல்ட் குரோகேர்ஸ்ற் என்பவர் தம்மை நெருங்கி வருகிறார் என்ற செய்தி. அச்செய்தி பொய்.

குரோகேர்ஸ்ற் மின்னணுப் பொறியியல் அறிந்தவர், புத்திக்கூர்மை வாய்ந்தவர். புதுமைக் கருவிகள் பலவற்றைத் தம் படகில் அமைப்பதாகக் கூறிப் பணம் பெற்றார். தவணையின் இறுதி நாளாகிய 1968 ஒக்ரோபர் 31 இல் புறப்பட்டாக வேண்டியதாயிற்று. அப்பொழுதும் படகு முற்றுப்பெறவில்லை. கணினிக்கென்று ஓடிய வயர்களின் மறுமுனையில் கணினி இல்லை. உதிரிப் பொருட்களில் ஒரு பகுதி துறையிலேயே கிடந்தது. அடித்தள நீரை இறைக்கும் குழாயும் விடுபட்டது. சில நாட்களிலே நீர் புகுந்தது. தென்கடல் சென்றால் சாவு, திரும்பினால் கடனும் அவமானமும் என்ற நிலையில், அத்திலாந்திக்கிலேயே மறைந்து சுற்றிக்கொண்டு பொய்யான இடக்குறிப்புக்களை அனுப்பினார். 1969 யூலை 10 ஆம் நாள் ஆளில்லாமல் மிதந்த படகு கண்டெடுக்கப்பட்டது. அவர் உடல் கிடைக்கவேயில்லை. நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் தமக்கு உரிய 5,000 பவுணையும் அவருடைய மனைவி மக்களுக்கே கொடுத்துவிட்டார். குரோகேர்ஸ்றைப் பழிப்போர் உளர். நமக்கோ, முடியாத வேலையைத் தவணைக்காக முடிந்தது என்று சொல்ல நேர்ந்த எவரையும் நினைக்கும்போது எழும் இரக்கமே எழுகிறது.

கீழைநாட்டுத் தச்சர் கட்டிய மரக்கலம் மேலைக்கடலில் வியப்பை விளைத்தமை அதுவே முதன்முறையன்று. வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை அமெரிக்கராகிய வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் அதனைச் செலுத்தி 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தனர். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

‘சுகைலி’யின் உருவத்தையே பின்பற்றிக் கோவாவில் கட்டிய ‘துரியா’ என்ற படகில், இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் ரொமி என்பவர் 2018 இல் நடந்த பொன்விழாப் போட்டியில் புறப்பட்டார். 1968 இல் இருந்த கருவிகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. அவ்வாண்டு செப்ரெம்பரில் தென் இந்து சமுத்திரப் புயலில் பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, அசையவொண்ணாது கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. மீண்டும் நடக்கப் பழகி, 2022 இல் அதே போட்டியில் வேறொரு படகிற் சென்று, 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். முதலாவது வந்தவர் தென்னாபிரிக்கப் பெண்மணியாகிய கேர்ஸ்ரன் நொயிசேபர்.

பழைய ‘சுகைலி’ 1997 இல் கிறினிச்சிலுள்ள கடற்சார் அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டது. அங்கே சூடாக்கிய உலர்காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்கத் தொடங்கின. தென்கடல் பிரிக்காத பொருத்துகள் கண்ணாடிக் கூரையின் கீழே விரிந்தன. உரிமையாளர் அதனைக் கண்டு பொறாமல், 2002 இல் படகை வெளியே எடுத்து, துருவேறிய இரும்புப் பிணைப்புக்களைப் பல்லாண்டாகத் தாமே ஒவ்வொன்றாய்க் கழற்றி மாற்றினார். 2018 யூன் 14 ஆம் நாள், ஐம்பதாண்டு நிறைவில், எழுபத்தொன்பது வயதில், அதே படகை அதே பால்மத் துறையில் பாய்விரித்துச் செலுத்தினார்.